மாத்திரையை விட்ட டீச்சர்

ஜூன் 8, ஞாயிறு

இன்று சுவாதி தானாக அறையை விட்டு வெளியே வந்தாள். சாப்பிடவோ குளிக்கவோ இல்லை, என்னிடம் பேச. சென்னையில் வேலை போய்ப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியதிலிருந்து அவள் பேச்சு "ம்", "வேண்டாம்", "கதவச் சாத்து" என்பதற்குள் அடங்கிவிட்டது. அவள் அப்பா இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் செய்து வெளியே இழுத்திருப்பார். எனக்கு அது வராது. தட்டை வாசலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள் நான்.

"ம்மா, ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னு சொல்லக் கூடாது."

அறைக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு சேனல் நடத்துகிறாளாம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், முகத்துக்குப் பூசும் மாவு என்று ஏதேதோ போட்டிருக்கிறாள். இப்போது தைராய்டுக்குப் பொடி தயாரிக்கிற ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கிறது. பொடியைக் குடித்துக் குணமான ஒருவரைக் காட்டிவிட்டால் தமிழ் வீடியோ வேலை முழுவதையும் அவளிடமே தந்துவிடுவார்களாம்.

"நீதான் தைராய்டுக்கு மாத்திரை போடுறியே. அத நிறுத்திட்டு இந்தப் பொடியக் குடி. நான் வாரா வாரம் எடுத்துப் போடுறேன். கடைசில ஒரு ரத்த டெஸ்ட். அவ்ளோதான்ம்மா."

அவள் தலை வாரியிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசினாள். சரி என்றேன்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில் மாத்திரை அட்டைகளைக் காலியான பெருங்காய டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்தேன். சுவாதி அந்தத் தட்டைத் தொட மாட்டாள்.

ஜூன் 9, திங்கள்

விடிந்ததும் மாத்திரை. ஏழு மணிக்கு, கேமரா முன்னால், பொடி. வேப்பங்கொழுந்தை அரைத்தது மாதிரி இருக்கிறது.

ஜூன் 14, சனி

பொடி டப்பாவை மேசையில் வைத்து, விடைத்தாள் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தேன்.

பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் எடுக்கிறேன். இந்த டப்பாவில் ஒரு வரிகூட என் வகுப்பில் தேறாது. "வேரோடு நீக்கும்." எதன் வேர்? "பக்கவிளைவு அறவே இல்லை." யார் சோதித்தது, எத்தனை பேரிடம்? "டாக்டர்கள் உங்களிடம் சொல்லாத ரகசியம்." இந்த வரியைப் பார்த்தாலே டப்பாவை மூடி வைத்துவிட வேண்டும். ரகசியம் என்று சொல்லிவிட்டால் ஆதாரம் கேட்கிறவளை எதிரி ஆக்கிவிடலாம். "உறங்கும் சுரப்பியைத் தட்டி எழுப்பும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

என்னிடம் தட்டி எழுப்ப எதுவும் இல்லை.

சுவாதி மூன்றாம் வகுப்பு படித்தபோது மதுரையில் என் தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அதிலிருந்த கட்டி நல்ல கட்டி இல்லை. "புத்துநோய்ங்கிற வார்த்தை இந்த வாசலத் தாண்டக் கூடாது. நாளைக்குப் பிள்ளைக்கு வரன் பாக்கணும்" என்றார் அவள் அப்பா. தம்பி வேலுவிடம் கழலை என்று சொன்னோம். சுவாதியிடம் தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்டது என்றோம். பல நாள் மீனையே தொடாமல் இருந்தாள், பாவம்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான் எனக்குச் சுரப்பி. அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் இல்லை. மாத்திரையும் போடுகிறேன், பொடியும் குடிக்கிறேன். பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?



ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது வீடியோ. அரக்குச் சேலை கட்டச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சம் விழும்படி நாற்காலியை இழுத்து இழுத்துத் தரையில் கோடு விழுந்துவிட்டது.

"மாத்திரையை நிறுத்தியபின் எனது உடல்நிலையில் கணிசமான முன்னேற்றம்..."

"ம்மா, நிறுத்து. பாடம் எடுக்காத. இப்ப எவளாவது ஒண்ணுக்குப் போகணும்னு கை தூக்கிருவா."

"நான் வேற எப்படிப் பேச?"

"கோமதி அத்தை மாதிரி பேசு. வாய் நெறைய."

கோமதி, வேலுவின் மனைவி. சங்கரன்கோவிலில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை தங்கவில்லை. அவளுக்கும் தைராய்டு உண்டு, சுரப்பி இருந்தும் சோம்பலாக வேலை செய்கிற வகை. வீடியோ வந்த மறுநிமிஷம் போன் செய்கிற முதல் ஆள் அவள்தான்.

கோமதி மாதிரி பேசிப் பார்த்தேன். "ஏ அம்மாடி, இந்தப் பொடியக் குடிச்சதுல இருந்து ஒடம்பு பஞ்சு மாதிரி பறக்குல்லா" என்றேன். சுவாதி கேமராவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அடுத்த முறை சரியாகச் சொல்ல வந்தது. வேண்டுமென்றே இன்னொரு தடவை தப்பாகச் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

கோமதி போன். சுவாதி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் கையெல்லாம் மாவு. அவளே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி! சினிமாக்காரி மாதிரில்லா இருக்கீய! எங்க தெருவுல எல்லாவளுக்கும் காட்டிட்டேன், எங்க மதினின்னு. ஏட்டி சுவாதி, அம்மைக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் குடு."

"வாங்கிருவோம் அத்தை."

"மதினி, கேக்கேன்னு நெனைக்காதீய. நெசமாவே மாத்திரைய விட்டுட்டீயளா?"

சுவாதி உரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் தலை நிமிர்ந்தது.

"ஆமா கோமதி."

"ஒண்ணும் செய்யலையா?"

"ஒண்ணும் செய்யல. ஆனா நீ டாக்டரக் கேக்காம எதையும் நிறுத்தாத, கேட்டியா?"

"நான் என்ன கிறுக்கியா?" என்று சிரித்தாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவள் விவரமானவள்.

ஜூலை 19, சனி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. சுவாதி தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஓடினாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவள் என்னைக் கட்டிப்பிடித்தது இன்றைக்குத்தான். கழுத்தில் அவள் மூச்சுப் பட்டது, அந்தத் தழும்பின்மேல். கல்லுச்சங்கிலிக்கு அடியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

மதியத்துக்குள் வீடியோ போட்டுவிட்டாள். "மாத்திரையை விட்ட டீச்சர்: ரிப்போர்ட் இதோ!" ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள் என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து சொன்னாள்.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. ஆய்வகம் ஏமாற்றவில்லை, சுவாதி ஏமாற்றவில்லை. இதே வீடியோவை வேறு யாராவது போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன். பொடி மட்டும்தான் குடித்தார் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டிருப்பேன். ஒரே ஒருத்தியை வைத்து ஊருக்கே எப்படிச் சொல்வது என்று கேட்டிருப்பேன். பிள்ளைகளுக்கு ஒப்பீட்டுச் சோதனை சொல்லித் தருகிறவள் நான். ஒரு செடிக்கு உரம், பக்கத்துச் செடிக்கு வெறும் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் யாரும் திருட்டுத்தனமாக உரம் போடக் கூடாது.

கீழே வந்த கருத்துகளைப் பார்த்தேன். "டீச்சரே சொல்றாங்க, நம்பலாம்." "நானும் இன்னையிலிருந்து மாத்திரை நிறுத்தப்போறேன் மேடம்." பெயர் தெரியாத பெண்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் மலையரசி பிடித்துக்கொண்டாள். "என்ன டீச்சர், எங்களையெல்லாம் விட்டுட்டு ஸ்டார் ஆயிட்டீங்க. அந்தப் பொடி எனக்கும் ஒரு டப்பா சொல்லுங்க. இந்த மாத்திரையக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியல."

அவளைப் பள்ளி அறிவியல் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், "மாத்திரைய விட்றாதீங்க. ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி" என்றேன்.

"அப்ப வீடியோல சொன்னது?"

"அது என் உடம்பு."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். இப்படி ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லிவிடலாம். தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசு. முந்தின நாளே சங்கரன்கோவில் போய் வேலு வீட்டில் தங்கினோம். தெருவெல்லாம் கூட்டம். அம்மன் சப்பரத்தை நோக்கிப் பருத்தியும் வத்தலும் வீசினார்கள். சுவாதியின் தலையில் ஒரு பருத்திச்சுளை மாட்டிக்கொண்டது.

கோமதி வருடா வருடம் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவாள். இந்த வருடம் வரவில்லை. "கூட்டத்துல இடிபட முடியாது மதினி, நீங்க போய்ட்டு வாங்க" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் கொஞ்சம் ஊதின மாதிரி இருந்தது. சமையல் பாதியில் இருக்கும்போதே போய்ப் படுத்தாள். ஆடிக் காற்று சுடச்சுட அடிக்கிற ஊரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். பப்பாளி நறுக்கி வைத்தேன், தொடவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவளை வேலு அதட்டினான். மாடிப்படியில் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். ஊர்க்காரர்களின் தண்ணீர் மோட்டாருக்கெல்லாம் செம்புக்கம்பி சுற்றிப் பழுது பார்க்கிற கை, பூவைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருந்தார்கள்.

சிரித்துக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் முடிகிறவரை வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். தெரிந்தவர்களும் தெரியாதவர்கள்போல் இருக்க வேண்டும். முன்பு ஒரு தடவை முதல் மாதமே ஊரெல்லாம் சொல்லி, அது நிலைக்காமல் போனதிலிருந்து கோமதிக்கு அந்தப் பயம் அதிகம்.

கிளம்பும்போது என் காதருகே வந்து, "சுவாதி வீடியோவ ஒண்ணு விடாம பாக்கேன் மதினி. எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றாள். மாத்திரை போடுகிறாயா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். சுவாதி செருப்பு மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோமதியோடு பேசினேன். தபசுக் கூட்டம், வேலுவின் மோட்டார் பட்டறை, மழை வராதது. அதைத் தவிர எல்லாம் பேசினோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோமதிக்குக் கலைந்துவிட்டது. காலையில் வேலு கூப்பிட்டான். "அக்கா" என்றான். அழுகைக்கு நடுவில்தான் மிச்சத்தைச் சொன்னான். திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

அவள் உண்டாகியிருந்ததே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மேலே எழுதிய கடைசி வரி பொய். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு நானும் சுவாதியும் போனோம். கோமதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "தைராய்டு இவ்ளோ ஏறியிருக்கே. மாத்திரை போடலையா?" என்று கேட்டார்.

வேலு கோமதியைப் பார்த்தான்.

"எப்போ நிறுத்தினீங்கம்மா?"

"ஆடி பொறந்த வாரத்துல."

"யாரைக் கேட்டு?"

"வயித்துல இருக்கும்போது கெமிக்கல் சேரக் கூடாதுன்னு..." கோமதியின் கண் சுவாதியிடம் போயிற்று. குற்றம் சொல்கிற பார்வை இல்லை. துணைக்குக் கூப்பிடுகிற பார்வை. சுவாதி என் முந்தானையைப் பிடித்தாள்.

"இந்த மாத்திரை குழந்தைக்குக் கெடுதல் இல்லம்மா. இந்த நேரத்துல இன்னும் கூட்டித்தான் தருவோம். மொதல் மாசங்கள்ல குழந்தை வளர்றதுக்கு அம்மாவோட தைராய்டுதான் ஆதாரம்."

வேலு கேட்டான்: "அப்போ இதனாலதானா டாக்டர்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. வேற காரணமும் இருக்கலாம். ஆனா நிறுத்தியிருக்கக் கூடாது."

ஆடி பிறந்த வாரம். சுவாதி ரிப்போர்ட்டைப் போட்ட வாரம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பள்ளி. இரண்டு வகுப்பு. காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எழுதித் தர வேண்டும். வேறு காரணமும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோமதியைப் பார்க்கச் சங்கரன்கோவில் போனோம். நான் கொண்டுபோன பழங்களை வாங்கி வைத்துவிட்டு, எங்களுக்கு அவளே காபி போட வந்தாள். தடுத்தேன். எனக்கும் சுவாதிக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"மதினி, ஒங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

"என்னது கோமதி?"

"அந்தப் பொடிதான். நீங்க குடிச்சீய, ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சு. நானும் அதே பொடிதான் குடிச்சேன். எனக்கு மட்டும் ஏறிட்டு. அப்போ என் ஒடம்புலதான கோளாறு?"

நான் முந்தானையை இழுத்துச் சரிசெய்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன். பொடி குடிக்கிறவ காப்பியத் தொடக் கூடாதுன்னு சுவாதி சொல்லியிருந்தா. எனக்கு நாக்கு கேக்கல, தபசன்னைக்குக் குடிச்சேன். அதுக்கு முன்னாலயும் குடிச்சிருக்கேன். ஒரு வாய்க் காப்பிக்கு ஆசப்பட்டு என் பிள்ளைய நானே..."

"அத்தை, அப்படிச் சொல்லாதீங்க" என்று சுவாதி அழுதாள். "டாக்டர் தந்த மாத்திரையப் போடுங்க அத்தை. எனக்குப் பயமா இருக்கு."

"மாத்திரை அங்க கெடக்கு." தொலைக்காட்சிப் பெட்டிமேல் கைகாட்டினாள். அட்டை பிரிக்காமல் இருந்தது. "மொதல்ல வேரோட சரி பண்ணிருவோம். இப்ப ரெண்டு நேரம் குடிக்கேன். காப்பிய அடியோட விட்டாச்சு."

"மாத்திரையும் போடணும் அத்தை."

"ஒங்கம்மா போடலையே ஏட்டி" என்றாள் கோமதி.

சுவாதி என்னைப் பார்த்தாள். கோமதியும் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். வேலு பட்டறையிலிருந்து உள்ளே வந்தான், கையில் கிரீஸோடு, "என்னக்கா, எப்ப வந்த?" என்றான். நான் எழுந்து அவனுக்குத் தண்ணீர் மோந்து கொடுக்கப் போனேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில், கேமராவுக்கு முன்னால் பொடி குடிக்கிற நேரத்தில், பெருங்காய டப்பாவை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தேன்.

சுவாதிக்கு முதலில் புரியவில்லை. அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பாதி காலியாக இருந்தது.

"எப்பலேர்ந்தும்மா?"

"நிறுத்தவே இல்ல."

"ஒரு நாள் கூடவா?"

"ஒரு நாள் கூட."

சங்கிலியைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினேன். மதுரையைச் சொன்னேன். கட்டியைச் சொன்னேன். அவள் அப்பா சொன்னதையும் சொன்னேன். கிட்டே வந்து விரல் நுனியால் தழும்பைத் தொட்டாள்.

"மீன்முள்ளுன்னு சொன்னியே."

"ஆமா."

"அப்ப உனக்கு அந்தச் சுரப்பியே கெடையாது. அத எழுப்புதுன்னு நான் வாரா வாரம்..." கையை எடுத்துக்கொண்டாள். "எனக்காகவா பொய் சொன்ன?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்படிச் சொன்னால் அந்தப் பாரமும் அவள் தலையில் விழும். "நீ பக்கத்துல உக்காந்து சிரிச்ச. அது எனக்கு வேண்டியிருந்துச்சு" என்றேன்.

"நீ என்ன நம்பலல்ல?" என்றாள். "முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் செத்துருவேன்னு நெனச்சியா?"

அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கிடந்த மாதங்களில் நான் தினமும் பள்ளியிலிருந்து படி ஏறும்போது என்ன நினைத்தேன் என்பதை இங்கேகூட எழுதியதில்லை.

வீடியோ எல்லாவற்றையும் என் கண்முன்னே நீக்கினாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்குத் தனியாகக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறியதும் பின்னால் இன்னொருத்தி ஏறினாள். சுவாதி. வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். இறங்கும்வரை பேசவில்லை.

கோமதி முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சுவாதி வாசலுக்குள் வரவில்லை, படியிலேயே நின்றாள். கோமதி எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நான் மாத்திரையை நிறுத்தவே இல்லை, ரிப்போர்ட் நன்றாக வந்தது மாத்திரையால், பொடி எனக்கும் எதுவும் செய்யவில்லை, உன் உடம்பில் தனியாக ஒரு கோளாறும் இல்லை, காபியால் எதுவும் ஆகவில்லை. கடைசி இரண்டையும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. காம்பும் இலையும் சேர்ந்து விழுந்தன.

"நான் போன்ல கேட்டேனே மதினி. நெசமாவான்னு கேட்டேனே."

"கேட்ட."

"தபசன்னைக்கும் போட்டீயளா?"

"போட்டேன்."

"இந்த வீட்டுலயா?"

"ஆமா. காலைல. பாத்ரூம்ல."

முறத்தை நகர்த்தி வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். ஒரு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ள வந்திருந்தேன். அவள் குரல் உயரவில்லை.

"நான் அடுத்த ரூம்புல படுத்திருந்தேன் மதினி. அதுல ஒண்ண எனக்கும் தந்திருக்கலாமே."

படியில் சுவாதி சத்தம் போட்டு அழுதாள். கோமதி எழுந்து போய் அவளை உள்ளே கூட்டிவந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள். "நீ என்னட்டி செய்வ. நீயும் நம்புன, நானும் நம்புனேன்" என்றாள். அப்புறம் தொலைக்காட்சிப் பெட்டிமேல் கிடந்த அட்டையை எடுத்து, என்னிடம் நீட்டாமல் சுவாதியிடம் நீட்டி, "இது எப்பம் போடணும், வெறும் வயித்துலயா? கேட்டுச் சொல்லு" என்றாள்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லி அவள் கேட்கத் தயாராக இல்லை. அட்டையின் பின்புறத்தைப் படிக்கிற சாக்கில் சுவாதி என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "வெறும் வயித்துல, எந்திரிச்ச ஒடனே, அத்தை" என்றாள்.

கிளம்பும்போது கோமதி வாசல்வரை வரவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வேலு போனை எடுக்கவில்லை. பள்ளியில் ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜா கொடுத்தார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுவாதி நாற்காலியை அதே ஜன்னலருகே இழுத்துப் போட்டாள். நான் சேலை மாற்றாமல், சங்கிலி இல்லாமல் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை டீச்சர் மாதிரிதான் பேசினேன். தழும்பைக் காட்டினேன். நான் மாத்திரையை விடவில்லை, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள் என்றேன். ஒரு முறைதான் எடுத்தாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

கோமதி பெயரைச் சொல்லவில்லை. அது அவளுடைய துக்கம். கம்பெனிக்காரர்கள் சுவாதியைத் திட்டிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படிக்காமலே அழித்தாள்.

இந்த வீடியோவை மிகச் சிலர்தான் பார்த்திருக்கிறார்கள். நீக்கிய பழையதை யாரோ எடுத்து வைத்துக்கொண்டு வேறு பெயரில் போட்டிருக்கிறார்கள். என் முகம், என் அரக்குச் சேலை, "ரிப்போர்ட் இதோ". அதை லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது. புகார் கொடுத்தோம். ஒன்று போனால் இன்னொன்று வருகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

மார்க்கெட்டில் ஒரு பெண் வழிமறித்தாள். இடுப்பில் குழந்தை. "நீங்க அந்த மாத்திரைய விட்ட டீச்சர்தான? ஒங்களப் பாத்துதான் நானும் விட்டேன்."

காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று சொன்னேன். நம்பவில்லை. "இல்ல டீச்சர், வீடியோல நீங்களே சொன்னீங்களே" என்றாள். பக்கத்திலிருந்த மருந்துக்கடைப் படிவரை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தாளா, இல்லை நான் திரும்பியதும் போய்விட்டாளா, தெரியாது.

வீட்டில் சுவாதி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய கருத்துகளைப் படமெடுத்து வைத்ததிலிருந்து பெயர்களைத் தேடி ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறாள். அறைக்குள் உட்கார்ந்து எழுதவில்லை. என்னோடு பேசுவதுமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து வேலு அவனாகக் கூப்பிட்டான். தாழ்ந்த குரலில் பேசினான்.

"டெஸ்ட் எடுத்தோம்க்கா. நல்லா எறங்கியிருக்கு. டாக்டரம்மா சந்தோஷப்பட்டாங்க."

"மாத்திரை?"

"ஒரு நாள் விடல. எந்திரிச்சதும் மொத வேல அதுதான்."

"சாப்பிடுறாளா?"

"சாப்பிடுதா. காப்பியும் குடிக்கா."

அந்த ஒன்றை அவனாகத்தான் சொன்னான். அவளாகச் சொல்லச் சொன்னாளோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"எப்பவாவது என்னப் பத்தி..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் தூரத்திலிருந்து கோமதியின் குரல் கேட்டது. அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரல். வாய் நிறைய.

"யாருங்க போன்ல?"

வேலு கொஞ்சம் தயங்கினான். "மோட்டாரு ரிப்பேருக்கு ஒருத்தரு" என்றான் அவளிடம். "தண்ணி ஏறலையாம்."

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவன் காத்திருந்தான்.

"நாளைக்கு வந்து பாருங்கண்ணே" என்றேன்.

"சரிங்க" என்று வைத்தான்.